ஒரு கால்வாய், இரு வேலைகள்

இந்தியாவில் கால்வாய்வழிச் சரக்குப் போக்குவரத்து ஏன் நலிந்தது என்று வகுப்பில் கேட்டால், ‘இரயில் வந்தது’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அது பாதி உண்மை. 5 விழுக்காடு வட்டி உத்தரவாதம் பெற்ற இரயில் நிறுவனங்களின் வருவாய்க் குறைவை இந்திய வரிப்பணம் ஈடுகட்டியது. படகுத் தொழிலுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஆனால் மறுபாதிக் காரணம் கால்வாயின் அமைப்பிலேயே இருந்தது.

பாசனத்துக்கு ஓடும் நீர் வேண்டும். சரக்குப் படகுக்கோ ஓட்டம் குறைந்த நீரும், ஆண்டு முழுவதும் குறையாத ஆழமும் வேண்டும். 1854இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயைப் புரோபி காட்லி இவ்விரண்டுக்குமாகவே வடிவமைத்தார். சரிவு மிகுந்திருந்ததால் நீர் விரைந்தோடியது. எதிரோட்டத்தில் படகைச் செலுத்துவது கடினமாயிற்று. பாசனத்தில் பெரும் பயன் தந்த அக்கால்வாய், சரக்குப் பாதையாக அவ்வளவு வளரவில்லை.

கோதாவரிக் கழிமுகச் சமவெளியில் நிலை வேறு. 1852இல் தவளேஸ்வரம் அணைக்கட்டு முடிந்தபின், ஆர்தர் காட்டனின் திட்டப்படி உருவான கால்வாய்கள் சரிவு குறைந்த நிலத்தில் ஓடின. மட்டம் மாறும் இடங்களில் ‘லாக்’ எனப்படும் இரட்டைக் கதவு அமைப்புகள் படகுகளை ஏற்றி இறக்கின. கோதாவரி, கிருஷ்ணா கால்வாய்கள் ஏலூரில் சந்தித்தன. தெற்கே கொம்மமூர் கால்வாய் அவற்றைப் பக்கிங்காம் கால்வாயுடன் இணைத்தது. காக்கிநாடாவிலிருந்து சென்னை வரை கடலைத் தொடாமலே சரக்கு செல்ல வழி பிறந்தது.

இருப்பினும் கோடையில் பராமரிப்புக்காக டெல்டாக் கால்வாய்கள் மூடப்பட்டன. இரயிலுக்கு அத்தகைய பருவத் தடை இல்லை. 1878இல் பிரிட்டன் நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் நீர்வழிப் போக்குவரத்துக்காகக் காட்டன் வாதாடினார். குழு அதை ஏற்கவில்லை. இதனை இரயில் முதலீட்டாளர்களின் வெற்றியாக மட்டும் எழுதிவிட்டால், உழவர்க்கும் படகோட்டிகளுக்கும் இடையே ஒரே நீரைப் பங்கிட வேண்டியிருந்த சிக்கல் மறைந்துவிடும்.

இந்தச் சிக்கல் பழங்கதையன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 111 தேசிய நீர்வழிகளை அறிவித்துள்ளது. காக்கிநாடா–புதுச்சேரிக் கால்வாய்த் தொடரும் அவற்றுள் அடங்கும். தூர்வாரினால் ஆழம் கிடைக்கும். கோடையில் அவ்வாழத்தை நிரப்பும் நீரை எந்த வயலிலிருந்து பெறுவது? இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்கள் இரயில் கட்டண விவரங்களோடு, பாசனத் துறையின் கால்வாய் மூடல் பதிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.