படைப்பதிவும் பதக்கமும்: கொங்குநாட்டு வீரர் ஆவணத் திருத்தம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

போரில் பட்ட வீரனுக்குக் கல் நாட்டி அவன் பெயரைப் பொறித்தல் தமிழர்தம் தொன்மரபாகும். அக்கல்லை இலக்கியத்திற்குச் சான்றாகவும் வழிபாட்டின் தோற்றுவாயாகவும் ஆராய்ந்தோர் பலர். ஒருவன் ஆற்றிய பணியைப் பதிந்து, அவன் சுற்றத்தார்க்கு உரிமை வழங்கும் ஆவணமாக அதனை நோக்கினோர் சிலரே. அங்ஙனம் நோக்குங்கால், தம் பணிப்பதிவில் விடுபட்ட பதக்கங்களைச் சேர்க்குமாறு இக்காலத்து முன்னாள் படைவீரர் விடுக்கும் வேண்டுகோளும் அம்மரபின் தொடர்ச்சியே என்பது புலனாகும். கரூரிலிருந்து காங்கயம் வழியாகக் கோவைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த வெள்ளகோவிலையும் அதனைச் சூழ்ந்த கொங்குப் பகுதியையும் களமாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுகல் என்னும் பதிவு

தொல்காப்பியம் புறத்திணையியலில் நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. வஞ்சித்திணையில் வேந்தனிடம் மாராயம் பெறுதலையும் அது ஒரு துறையாகக் கொள்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குதல் வேண்டும். முன்னது பட்டவனுக்குரிய சிறப்பு. பின்னது வாழ்வோனுக்குரிய சிறப்பு. ஏனாதி, காவிதி, எட்டி முதலிய பட்டங்கள் பின்னதன் பாற்பட்டன. ஆகவே, வீரனின் செயலை அரசு அறிந்தேற்று வெளிப்பட அறிவிக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுதி இவ்வகைப் பதிவின் அமைப்பைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆளும் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் முதற்கண் நிற்கும். வீரன் யாருடைய சேவகன் என்பதும், அவன் தொறுக்கொண்டு பட்டானா, தொறு மீட்டுப் பட்டானா என்பதும் அவற்றைத் தொடரும். இறுதியில் இன்னான் கல் என்று பெயர் முடியும். காலம், தலைவன், செயல், பெயர் ஆகிய இந்நான்கும் ஒரு படைவீரரின் பணிப்பதிவில் இன்றும் இன்றியமையாதன.

இவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனியே நோக்கத்தக்கது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாய் கோவிவனையும் பெயர் சுட்டிக் குறிக்கின்றது. உடன்நின்று காத்த நாய்க்கும் பெயரும் செயலும் பொறித்த மரபு இது. மேலும், வீரன் சிந்திய குருதிக்கு ஈடாக அவன் சுற்றத்தார்க்கு நிலம் வழங்கும் வழக்கமும் இருந்தது. நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்னும் சொற்கள் அந்நிலத்தைக் குறிப்பன. எனவே கல்லில் பெயர் இருத்தல் புகழுக்கு மட்டும் உரியதன்று; நிலவுரிமைக்கும் அதுவே சான்றாயிற்று.

கொங்குநாட்டில் இம்மரபு ஆநிரைக் காவலோடு இணைந்து வளர்ந்தது. கொறங்காடுகளில் மாடு மேய்க்கும் வாழ்க்கையினர் நிறைந்த இந்நாட்டில், ஆநிரையைக் காக்கப் புலியோடு பொருது பட்டவர்க்கு எடுத்த புலிகுத்திக் கற்கள் பல கிடைத்துள்ளன. பெரும்போர் நிகழாத ஊரிலும் காவற்பணி பதிவுக்குரியது என்பதை அவை உணர்த்துகின்றன.

எண்ணாகச் சுருங்கிய பெயர்

முதல் உலகப்போர் முடிந்தபின் இந்திய ஊர்கள் பலவற்றில் ஆங்கில அரசு நினைவுக் கற்பலகைகளைப் பதித்தது. தமிழ்நாட்டிலும் அவை உள்ளன. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை அவ்வகைக் கல்லுடைய ஊர்களுள் ஒன்று. இவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரை நிகழ்ந்த பெரும்போருக்கு இத்துணைப் பேர் சென்றனர், அவர்களுள் இத்துணைப் பேர் உயிர் நீத்தனர் என்பதே அப்பலகைகளின் பொதுவான வாசகம். அதில் ஊர் உண்டு, ஆண்டு உண்டு, தொகை உண்டு, பெயர் இல்லை. நடுகல்லின் உயிர்நிலையாக இருந்த உறுப்பு ஈண்டு நீக்கப்பட்டுவிட்டது.

இக்குறை ஊர்ப்பலகையோடு நின்றதன்று. மெசபொட்டேமியப் போர்க்களத்தில் மதராஸ் சாப்பர்கள் உள்ளிட்ட இந்தியப் படையினர் பெருந்தொகையாகப் பணியாற்றினர். அங்கு மாண்டு கல்லறை அறியப்படாதார்க்கென 1929-இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரித்தானிய வீரர்களின் பெயர்கள் தனித்தனியே வெட்டப்பட்டன. இந்தியருள் அதிகாரிகளின் பெயர்களே இடம்பெற்றன. ஏனைய வீரர் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையால் மட்டும் குறிக்கப்பெற்றனர். பதக்கத்திலும் இவ்வேறுபாடு இருந்தது. அப்போருக்கான பிரித்தானியப் போர்ப்பதக்கம் வீரர்க்கு வெள்ளியாலும், தொழிற்படையினர்க்கு வெண்கலத்தாலும் அமைந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்தே இப்பிழை முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் அமைத்த தனிக்குழு 2021 ஏப்ரல் 22-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேரும், ஒருகால் 3,50,000 பேர் வரையிலும், பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அக்குழு மதிப்பிட்டது. இவர்கள் பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் ஆவர். அன்றே பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். காலங்கடந்த பதிவும் திருத்தத்திற்குரியதே என்னும் நெறி இதனால் நிறுவப்பட்டது.

பதக்கம் விடுபடும் வகை

இனி, போரிலிருந்து உயிருடன் மீண்டவரின் பதிவுகளை நோக்குவோம். 1920-களில் கலைக்கப்பட்ட மதராஸ் ரெஜிமெண்ட் இரண்டாம் உலகப்போரின்போது மீண்டும் உயிர்பெற்றது. தென்னாட்டார் போர்க்குடியினர் அல்லர் என்று அதுவரை வழங்கிய ஆங்கிலேயர் கொள்கை, ஆட்தேவை மிகுந்தவுடன் கைவிடப்பட்டது. அப்போரில் களத்திற்கேற்ப ஆப்பிரிக்க விண்மீன், இத்தாலிய விண்மீன், பர்மா விண்மீன் முதலியனவும், பொதுவாகப் போர்ப்பதக்கமும் வகுக்கப்பட்டன. போர்க்களம் புகாது மூன்றாண்டு பணியாற்றிய இந்தியப் படையினர்க்குரிய இந்திய சேவைப் பதக்கம் 1946 ஜூனில்தான் நிறுவப்பட்டது.

வீரர் பெருந்தொகையினர் 1945, 1946 ஆகிய ஆண்டுகளிலேயே படையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். பதக்கம் வகுக்கப்படுமுன்பே பலர் கையில் டிஸ்சார்ஜ் புத்தகம் வந்துவிட்டது. ஆகவே அதில் அப்பதக்கம் இடம்பெறாமை இயல்பு. அடுத்து 1947-இல் படைப்பிரிவுகள் இரு நாடுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. பதிவைத் தேடிச் செல்லும் வழியும் இதனால் சிக்கலாயிற்று.

விடுதலைக்குப் பின்னரும் இத்தகைய இடைவெளி ஏற்பட வழியுண்டு. 1965-ஆம் ஆண்டுப் போருக்கு ரக்ஷா பதக்கமும் சமர் சேவா விண்மீனும், 1971-ஆம் ஆண்டுப் போருக்குப் பூர்வி விண்மீன், பச்சிமி விண்மீன், சங்கிராம் பதக்கம் ஆகியனவும் ஏற்பட்டன. ஒருவர்க்கு நேரும் பணி நிகழ்ச்சிகள் ‘பார்ட் டூ ஆர்டர்’ என வழங்கும் ஆணையில் வெளியாகி, அதன்வழியே ‘ஷீட் ரோல்’ என்னும் பணியேட்டில் ஏறும். ஆணை வெளியாகுமுன் ஒருவர் வேற்றுப் பிரிவுக்கு மாறினாலோ ஓய்வு பெற்றாலோ பதக்கம் ஏட்டில் ஏறாமல் நின்றுவிடக்கூடும். மார்பில் நாடா இருக்கும். ஏட்டில் எழுத்து இராது. சிலர்க்கு ஏட்டில் எழுத்து இருந்தும் பதக்கம் கைக்கு வந்திராது.

ஓய்வூதியம் பெறாதவரின் பணியேடு 25 ஆண்டுகளே காக்கப்படும் என்னும் விதி இச்சிக்கலை மேலும் கடுமையாக்கிற்று. 1946-இல் விடுவிக்கப்பட்டோர் பெரும்பாலும் ஓய்வூதியம் பெறாதோரே. அவர்தம் ஏடுகள் 1970-களின் தொடக்கத்திலேயே காப்புக்காலம் கடந்தன. இரண்டாம் உலகப்போர் வீரர்க்கும் அவர்தம் கைம்பெண்டிர்க்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை அளிக்கும் திட்டத்தை ஏற்படுத்தியது. அதனைப் பெறுதற்குப் பணிச்சான்று வேண்டும். அரசின் ஏடு அழிந்த நிலையில், தகரப்பெட்டியில் வைத்துக் காத்த டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்றே அக்கைம்பெண்ணின் உதிரப்பட்டியாகும். அதனைக் கறையான் அரித்துவிடின் உரிமையும் உடன் அழியும்.

ஊர்ப்பெயரும் ஆட்பெயரும்

பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமைக்குப் பெயரெழுத்தும் ஒரு காரணம். இது தமிழாய்வாளர்க்கு நேரே உரிய பகுதி. பழனிச்சாமி என்னும் பெயரிலுள்ள ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஒருவர் லகர ஒலிகொண்டு எழுதுவர். பிறிதொருவர் வேறெழுத்துகளைக் கூட்டி எழுதுவர். சாமி, சுவாமி, ச்சாமி என்னும் ஈறுகளும் மாறும். இதனால் ஒருவரே ஏட்டில் மூவராவர். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடும் தமிழ் வழக்கத்தைக் குடும்பப்பெயர் கேட்கும் படிவம் சிதைத்துவிடும். தந்தை மகனாகவும் மகன் தந்தையாகவும் பதிவாதல் கூடும்.

ஊரும் இவ்வாறே. வெள்ளகோவில் என்பதும் வெள்ளக்கோயில் என்பதும் ஓரூரே. ஆங்கில எழுத்தில் இவை ஈரூர் போலத் தோன்றும். மாவட்டமோ இன்னும் மயக்கந்தரும். 1940-களில் இவ்வூரார் கோயமுத்தூர் மாவட்டத்தார். 1979-இல் பெரியார் மாவட்டம் தோன்றியபோது இப்பகுதி அதனுள் அடங்கிற்று. அம்மாவட்டம் பின்னர் ஈரோடு எனப் பெயர் பெற்றது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது இப்பகுதி அதனைச் சேர்ந்தது. வீட்டை விட்டு ஓரடியும் பெயராத முதியவர் ஒருவர் இங்ஙனம் மூன்று மாவட்டத்தாராகப் பதிவில் நிற்பர். இதனை அறியாத எழுத்தர், மனுதாரரும் பதிவிலுள்ளவரும் வேறு வேறானவர் என முடிவு செய்தல் கூடும்.

திருத்தத்தின் நெறி

பதக்கங்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. களப்பதக்கம் விதியால் வருவது. குறித்த காலத்தில் குறித்த களத்தில் பணியாற்றியமை மெய்ப்பிக்கப்படின் அது உரிமையாகும். வீரப்பதக்கமோ மேலோர் பரிந்துரைத்து அரசு ஆராய்ந்து அளிப்பது. இத்தாலியில் மிஞ்ஞானோவை அடுத்து 1944 பிப்ரவரி 24-இல் கண்ணிவெடியின்மேல் தம் உடலைச் சாய்த்துத் தோழர்களைக் காத்து மாண்ட சுபேதார் சுப்பிரமணியன், ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியராவார். காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்தினர். மதராஸ் சாப்பர் படையினர். கண்டோர் உரைத்து, அரசிதழில் அறிவிக்கப்பட்ட சிறப்பு அது. களத்தில் இருந்தமை மட்டும் காட்டி அத்தகைய சிறப்பை ஏட்டில் சேர்த்தல் இயலாது. இவ்வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் மனுக்கள் நியாயமான களப்பதக்கத்தையும் பெறாமல் திரும்பும்.

திருத்தம் வேண்டுவோர் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் படியுடன், மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தின் வழியாகத் தம் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு எழுதுதல் மரபு. மதராஸ் ரெஜிமெண்டினர்க்கு அது நீலகிரியிலுள்ள வெலிங்டன். மதராஸ் சாப்பர்க்குப் பெங்களூர். ஆவண அலுவலகம் மறுப்பின் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதன் அமர்வு ஒன்று சென்னையில் உள்ளது. போர்ப்பதிவும் நீதியாய்வுக்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு 2010 மே மாதத் தீர்ப்பு ஒன்று சான்று. 1999-ஆம் ஆண்டுக் கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் படையணித் தலைவராயிருந்த பிரிகேடியர் தேவிந்தர் சிங் தொடுத்த வழக்கில், அவரைப் பற்றிய பதிவு திருத்தத்திற்குரியது என அத்தீர்ப்பாயம் முடிவு செய்தது.

சான்றுகளை ஆராயும் முறை நமக்குப் பழகியதே. ஏட்டுச்சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு கண்டு மூலபாடத்தைத் துணியும் நெறியை உ. வே. சாமிநாதையர் முதலியோர் நமக்குக் காட்டிச் சென்றனர். டிஸ்சார்ஜ் புத்தகம், மணியார்டர் துண்டு, படைப்பிரிவின் பெயர் எழுதிய புகைப்படம், பதக்கத்தின் விளிம்பு, ஊர்ப்பள்ளிப் பதிவேடு ஆகியவற்றை ஒரு வீரனைப் பற்றிய பல படிகளாகக் கொள்ளலாம். முதல் உலகப்போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆதலின் அது தனக்குத்தானே சான்றாகும். இரண்டாம் உலகப்போரின் விண்மீன்கள் பிரித்தானிய வழக்கில் பெயரின்றியே வழங்கப்பட்டன. ஆதலின் அவற்றிற்குத் துணைச்சான்று வேண்டும். பெயரைப் போலப் படையெண் எளிதில் மாறாது. பாடவேறுபாடுகளிடையே ஊன்றிநின்று முடிவு காண அவ்வெண்ணே அடிப்படையாகும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். காலம், தலைவன், செயல், பெயர் என்னும் நான்கையும் ஒருங்கே பதிதல் தமிழர் கண்ட முறை. பிற்கால அரசு அப்பெயரை எண்ணாகச் சுருக்கியது. அப்பிழையைத் திருத்தும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. பணியேட்டில் விடுபட்ட பதக்கத்தைச் சேர்த்தல் ஒருவரின் தற்பெருமைக்குரிய செயலன்று. பதிவை உண்மைக்கு ஒப்ப ஆக்கும் வரலாற்றுப் பணியாகும்.

கொங்குநாட்டு ஊர்களில் நடுகல் தேடிச் செல்லும் முதுகலை மாணவர், அவ்வூர் வீடுகளிலுள்ள படைப்புத்தகங்களையும் படியெடுத்து வருதல் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியோர் இன்று மிகச் சிலரே. அவர்தம் மக்களும் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் இருக்கும்போதே பெயரும் எண்ணும் ஊரும் சரிபார்க்கப்படின் தொகை மட்டும் பொறித்த பலகைகளுக்குரிய பெயர்ப்பட்டியலை நாம் நிறைவு செய்யலாம். ஒரு நாயின் பெயரையும் மறவாது பொறித்த நாடு, தன் மக்களின் பெயரைப் பொறிக்கக் கடமைப்பட்டுள்ளது.