தீவட்டி முதல் ஷார்ப்பி வரை: சித்தூர்–திருப்பதி வட்டாரத்தில் மேடைவிளக்கைப் பழுதுபார்த்த கைகள்

மேடையொளியின் வரலாற்றை எழுதுவோர் 1981-ஆம் ஆண்டைத் தவறாமல் குறிப்பிடுவர். அவ்வாண்டு செப்டம்பரில், பார்சிலோனாவில் நடந்த 'ஜெனிசிஸ்' இசைக்குழுவின் நிகழ்ச்சியில், அமெரிக்காவின் டல்லஸ் நகரைச் சேர்ந்த ஷோகோ நிறுவனம் உருவாக்கிய 'வேரி-லைட்' கருவிகள் முதன்முதலாக மேடையேறின. கைபடாமலே விளக்கு திரும்பியது, நிறம் மாறியது. மேடைவிளக்கு நகரத் தொடங்கிய ஆண்டு அது என்பது பாடநூல் வழக்கு. சித்தூர் வட்டாரத்துக் கூத்தை அறிந்தவர்க்கு இக்கூற்றை அப்படியே ஏற்பது கடினம். அங்கே விளக்கு தொடக்கத்திலிருந்தே நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அது அசையாமல் நின்றது இடைக்காலத்தில்தான்.

1911-இல் வடஆர்க்காட்டின் பகுதிகளும் கடப்பையின் சில வட்டங்களும் சேர்ந்து உருவான மாவட்டம் சித்தூர். 2022 ஏப்ரலில் அதிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இரு மொழியும் புழங்கும் இந்நிலத்தில் திரௌபதியம்மன் கோயில்களின் பாரதத் திருவிழா இன்றும் உயிரோட்டமாக உள்ளது. பகலில் பாரதக் கதை, இரவில் விடியும்வரை கூத்து, முடிவில் துரியோதனன் வதையும் தீமிதியும் என்பது அதன் பொதுவான அமைப்பு. ஹில்டபைட்டலின் திரௌபதி வழிபாட்டு ஆய்வு (1988), ஃபிராஸ்காவின் தெருக்கூத்து ஆய்வு (1990) போன்ற நூல்களின் நாட்டமெல்லாம் சடங்கு, ஆவேசம், கதையமைப்பு ஆகியவற்றின் மீதே இருந்தது. அந்த இரவுகளில் ஒளி எங்கிருந்து வந்தது, அதை அணையாமல் காத்தவர் யார் என்னும் வினா ஆய்வின் ஓரத்திலேயே தங்கிவிட்டது.

தமிழில் தீவட்டி, தெலுங்கில் திவிட்டி. சொல் மட்டுமன்றித் தொழிலும் எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒன்றே. திரைக்குப் பின்னின்று வேடம் வெளிப்படும் கணத்தில் தீவட்டிக்காரர் முன்னே வருவார். ஆடுபவர் நகர அவரும் நகர்வார். ஆவேசமான நுழைவுகளில் குங்கிலியப் பொடியைச் சுடரில் வீசிப் பெருஞ்சுவாலை எழுப்புவது தெலுங்கு வீதி நாடக மரபில் நன்கு அறியப்பட்ட உத்தி. மேலே தொங்கும் விளக்கின் கீழ் மங்கித் தெரியும் கட்டை வேடத்தின் கண்ணாடிச் சில்லுகள், முகத்தின் உயரத்தில் பிடித்த சுடரில்தான் உயிர்பெறும். இன்றைய மொழியில் சொன்னால், திசை, தொலைவு, செறிவு மூன்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்திய நகரும் விளக்கு அது. கட்டுப்பாட்டுப் பலகை மட்டும் மனித உடம்பு.

அந்த உடம்பு யாருடையது என்பதை மறைப்பதற்கில்லை. தர்ஸ்டனின் 1909-ஆம் ஆண்டுத் தொகுப்பு, தெலுங்குப் பகுதியின் சாகலி எனப்படும் வண்ணார் சமூகத்தாரைத் தீவட்டி பிடிப்போராகவும் குறிப்பிடுகிறது. தமிழ்ப் பகுதியிலும் பந்தத்துக்குத் துணி தருவதும் பிடிப்பதும் பல ஊர்களில் அதே சமூகத்தின் குடிமைக் கடமையாக இருந்தன. பழந்துணியைத் திரித்துக் கட்டும் இறுக்கம், எண்ணெய் ஊற்றும் இடைவெளி, காற்றடிக்கும்போது சாய்க்கும் கோணம் ஆகியவை அவர்களின் அறிவு. பழுதுபார்த்தலும் இயக்குதலும் ஒரே கையில் இருந்தன. ஆனால் அது ஊதியத்தொழிலாக அன்றிக் குடிமை ஊழியமாகவே கணக்கிடப்பட்டதால், நாடகத்தின் பகுதியாக எவரும் அதை எழுதிவைக்கவில்லை.

பெட்ரோமாக்ஸ் வந்தபோது இந்நிலை மாறியது. பெர்லினின் எரிச் அண்டு கிரேட்ஸ் நிறுவனத்திலிருந்து 1910-ஐ ஒட்டி வெளிவந்த இவ்விளக்கின் உயிர் அதன் வலைத்திரியில், அதாவது மேண்டிலில் உள்ளது. 1891-இல் ஆவுர் ஃபான் வெல்ஸ்பாக் நிலைபெறச் செய்த கலவையில் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடு, எஞ்சியது சீரியம் ஆக்சைடு. தோரியத்துக்கு மூலமான மோனசைட் மணல் தெற்கே திருவிதாங்கூர்க் கடற்கரையில் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சியில் அம்மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. உலகெங்கும் ஒளிர்ந்த மேண்டில்களுக்கான மூலப்பொருளில் ஒரு பங்கு தமிழ்க் கடற்கரையிலிருந்தே போயிற்று என்பதைப் பொருள்சார் பண்பாட்டு வரலாறு பயிலும் மாணவர்கள் மனத்தில் கொள்வது நன்று.

பெட்ரோமாக்ஸ் ஊரின் உடைமையன்று, கடையின் உடைமை. இரவுக்கு இத்தனை விளக்கு என்று வாடகை பேசப்படும். பெரிய விழாவானால் விளக்குடன் ஓர் ஆளும் வருவார். தோல் வாஷர் காய்ந்தால் எண்ணெயில் ஊறவைப்பதும், அடைபட்ட நிப்பிளை ஊசியால் குத்தித் திறப்பதும், புது மேண்டிலை உதிராமல் எரித்துப் பக்குவப்படுத்துவதும் அவர் வேலை. சோதனையும் எளிதே: பம்ப் அடித்துவிட்டு இரைச்சலைக் கேட்பார், சுடரின் வெண்மையைப் பார்ப்பார். சாதிக்கடமையிலிருந்து வாடகைத்தொழிலுக்கு ஒளி நகர்ந்த கட்டம் இதுவே. ஆனால் விளக்கு கம்பத்தில் தொங்கத் தொடங்கியதும் அதன் அசைவு நின்றது.

மின்சாரம் அந்நிலையை உறுதிப்படுத்தியது. கூத்துக்களத்தின் மேல் கட்டிய குழல்விளக்கு எல்லோரையும் சமமாக, ஆகவே சப்பையாக, வெளிச்சமிட்டது. இதற்கு மாறாக, பக்கத்துக் கடப்பை மாவட்டத்தின் சுரபி கிராமத்தில் 1885-இல் தோன்றிய சுரபி நாடகக் குடும்பங்கள், நடிப்போடு மேடைத் தந்திரங்களையும் ஒளியையும் குடும்பத்தின் கைத்தொழிலாகவே வைத்திருந்தன. சித்தூர்ப் பக்கத்துக் கூத்துக் குழுக்களுக்கு ஒளி எப்போதும் வெளியாரிடமிருந்தே வந்தது. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையே சீரியல் செட்டையும் விளக்கையும் தந்தது. அக்கடைகளின் சுவரில் தொங்கிய ஒரு பலகை கவனத்துக்குரியது. சோதிக்க வேண்டிய கருவியோடு 100 வாட் குண்டுபல்பு ஒன்றைத் தொடராக இணைத்த பலகை அது. கருவியில் குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழுதாக எரியும், ஃபியூஸ் போகாது. இந்த 'சீரியல் லேம்ப்' இன்றைய கணினி விளக்கின் மின்வழங்கியைச் சோதிக்கவும் அதே வடிவில் பயன்படுகிறது.

இனி 1981-க்குத் திரும்பலாம். வேரி-லைட் நிறுவனம் தன் கருவிகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் யாருக்கும் விற்கவில்லை, வாடகைக்கே தந்தது. பெட்ரோமாக்ஸ் கடைக்காரரின் வழியைத்தான் டல்லஸ்காரர்களும் பின்பற்றினர் என்று சொன்னால் மிகையாகாது. விற்பனை இல்லாத இடத்தில் பழைய பொருள் இல்லை. பழைய பொருள் இல்லாத இடத்தில் ஊர்ப் பழுதுபார்ப்பவரும் இல்லை. இதனை உடைத்தவை இரண்டு. ஒன்று, விற்பனைக்கே விளக்கு செய்த போட்டி நிறுவனங்கள். மற்றொன்று, 1986-இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த டி.எம்.எக்ஸ் 512 என்னும் பொதுக் கட்டளைமொழி. எந்த நிறுவனத்தின் விளக்கும் எந்தப் பலகையின் சொல்லையும் கேட்கலாம் என்றான பிறகுதான், ஒரு விளக்கு தன் முதல் உரிமையாளரைக் கடந்து வாழ முடிந்தது. 2010-இல் இத்தாலியின் கிளே பாக்கி நிறுவனம் 189 வாட் விளக்கில் ஊசிபோன்ற கற்றை தரும் 'ஷார்ப்பி'யை வெளியிட்டது. சீனத்தில் அதையொத்த கருவிகள் பெருகின. இந்திய விழா மேடைகளில் 'ஷார்ப்பி' ஒரு நிறுவனப்பெயராக இல்லாமல் பொதுப்பெயராகிவிட்டது; பெட்ரோமாக்ஸுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைவழியில் இருப்பது சித்தூர். ரிச்சி தெருவின் உதிரிச் சில்லுகளும் பெங்களூர் எஸ்.பி. சாலையின் மோட்டார்களும் எட்டும் தொலைவு. பெருநகர மேடைகளில் ஓய்ந்த விளக்குகள் திருமண மண்டபங்களுக்கும் ஜாத்திரைகளுக்கும் இறங்கிவருவது இத்தகைய ஊர்களில்தான். அவ்வாறு வரும் கருவியைச் சோதிப்பது தனிக் கலை. மின்னிணைப்பு கொடுத்தவுடன் விளக்கு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்: தலை ஒருபுறம் திரும்பி நிற்கும், கவிழ்ந்து எழும், நிறச்சக்கரமும் உருவச்சக்கரமும் சுழன்று தம் தொடக்கப் புள்ளியைத் தேடும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு காந்தம், எதிரே அதை உணரும் ஹால் சென்சார். காந்தம் உதிர்ந்திருந்தால் சக்கரம் தன் இடமறியாமல் சுற்றும். திரையில் பிழைச்செய்தி வரும். படித்தவர் செய்தியைப் படிப்பார். பழகியவர் அதற்கு முன்பே ஓசையில் அறிவார்.

இயந்திரத்தின் தற்சோதனை சொல்லாத குறைகளே மிகுதி. தலையைத் தாங்கும் கவையின் ஊடே செல்லும் கம்பிக்கற்றை ஆயிரக்கணக்கான முறை முறுக்கப்பட்டு உள்ளே அறுந்திருக்கும். ஒரு கோணத்தில் விளக்கு எரியும், மற்றொரு கோணத்தில் அணையும். முழு வீச்சையும் மிக மெல்லத் திருப்பிப் பார்த்தாலன்றி இது பிடிபடாது. சில குறைகள் குளிர்ந்த நிலையில் தெரியா. இரண்டு மூன்று மணி நேரம் எரியவிட்டு, விசிறியில் அடைந்த தூசி வெப்பத்தை வெளியேற விடாதபோதுதான் பாதுகாப்புச் சுவிட்சு துண்டிக்கும். புகை இயந்திரத்தின் திரவம் லென்சில் படலமாகப் படிந்து தூசியைப் பிடித்துவைத்திருக்கும். விளக்கு காரணமின்றி நடுங்கினால் பழி பெரும்பாலும் வடத்தின்மீது. தரநெறி கேட்பது ஐந்துமுனை இணைப்பி. புழக்கத்தில் உள்ளதோ மைக் வடத்தின் மும்முனை. ஒலிபெருக்கிக் கடையே விளக்குக் கடையாக வளர்ந்த வரலாறு இந்த மும்முனையில் இருக்கிறது. கடைசி விளக்கில் 120 ஓம் தடை ஒன்றைச் செருகினால் பல 'கெட்டுப்போன' விளக்குகள் நலம்பெறும். அப்படியும் கேட்காவிட்டால் கட்டளையை வாங்கும் 75176 என்னும் எட்டுக்கால் சில்லை மாற்றுவர். சிறு காசுப் பொருள். அதன் பொருட்டு முழுப் பலகையையே மாற்றச் சொல்வது உற்பத்தியாளர் வழக்கம்.

தீவட்டிக்காரரின் கையில் ஒன்றாயிருந்த இயக்கமும் பராமரிப்பும் இவ்விடத்தில் மீண்டும் ஓரளவு ஒன்றுசேர்கின்றன. ஆபத்தும் ஒன்றுசேர்கிறது. இவ்விளக்குகளின் குவார்ட்சுக் குமிழில் உயர் அழுத்தமும் பாதரசமும் உண்டு. மூடியின்றி எரித்தால் புறஊதாக் கதிர் கண்ணைத் தாக்கும். ஆயுள் கடந்தால் குமிழ் வெடிக்கும். ஈரத்தரையில் நிற்கும் பந்தலில் எர்த் இணைப்பில்லாத உலோக உடல் வேறொரு கேடு. பாதரசம் கொண்ட விளக்குகளை இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகள் 2016-இல் உள்ளடக்கின. ஆனால் விதி எழுதப்பட்டிருப்பது உற்பத்தியாளரையும் மறுசுழற்சியாளரையும் நோக்கி; இடையில் நிற்கும் பழுதுபார்ப்பவரின் மேசைமீது கிடக்கும் குமிழ் எப்பக்கம் போகும் என்பதற்கு அங்கே தெளிவான விடையில்லை. நாடகத்துறைப் பாடத்திட்டங்களும் ஒளியமைப்பைக் கலையாகக் கற்பிக்கின்றனவே தவிர, விளக்கைத் திறந்து பார்ப்பதைக் கல்வியாகக் கருதுவதில்லை.

ஆய்வாளர்க்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. கணினி விளக்கு தன் குமிழ் எரிந்த மணிக்கணக்கைத் தானே குறித்துவைக்கிறது. கூத்து மேடையின் ஒளிக்கு எழுத்தாவணமே இல்லாத இந்நிலத்தில் கிடைக்கும் அரிய பதிவு அது. குமிழை மாற்றும்போது அக்கணக்கைப் பூச்சியமாக்குவது முறை. குமிழை மாற்றாமலே பூச்சியமாக்குவது பழைய பொருள் வணிகத்தின் முறை. பலகையையே மாற்றினால் எல்லாம் போகும். எனவே வாங்குபவர் திரையிலுள்ள எண்ணை நம்பாமல் விளக்கைத் திறக்கிறார்: குவார்ட்சின் கருமை, பெல்ட்டின் தேய்ந்த பற்கள், திருகுத்தலைகளில் முன்பு திறந்தவர் விட்ட கீறல்கள், உள்மூடியில் யாரோ மார்க்கரால் எழுதிய தேதி.