ஒரு ரூபாய் எடை வெள்ளி

அண்மையில் கல்லூரி மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். கட்டுரைப் போட்டி ஒன்றில் அவளுக்குச் சிறிது பணம் பரிசாகக் கிடைத்திருந்தது. அதைக் கொண்டு சிறு வெள்ளிக்கட்டிகள் வாங்கி வைக்கலாமா என்பது அவளுடைய வினா. 10 கிராம், 50 கிராம், 100 கிராம் எனப் பளபளக்கும் வில்லைகளாகக் கடைகளில் அவை விற்கப்படுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். “தங்கம் எங்கள் கைக்கு எட்டவில்லை, ஐயா. வெள்ளியாவது எட்டுகிறதே! வெள்ளி என்றும் வெள்ளிதான் என்று எங்கள் பாட்டி சொல்லுவார்கள்” என்றாள் அவள்.

பாட்டியாரின் சொல்லில் பாதி உண்மை உண்டு. வெள்ளியின் எடையும் தூய்மையும் பெட்டியில் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். ஆனால் அந்த வெள்ளிக்கு எத்தனை படி நெல் கிடைக்கும் என்பது மட்டும் அப்படியே இருப்பதில்லை. இந்த மறுபாதி உண்மையை நம் நாட்டு மக்கள் மிகுந்த துன்பத்தின் வழியே கற்றுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அந்த வரலாற்றையே மாணவிக்கு விடையாகக் கூறினேன். அதனையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நம் முன்னோர்க்கு ரூபாய் என்பதும் வெள்ளி என்பதும் ஏறக்குறைய ஒரே பொருளாக இருந்தன. ரூபாய் என்னும் சொல்லே வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஷேர்ஷா வெளியிட்ட வெள்ளி நாணயத்துக்கு அப்பெயர் வழங்கிற்று. தென்னாட்டில் வராகன் என்னும் பொன் நாணயமே நெடுங்காலம் கணக்குக்கு அடிப்படையாக நின்றது. 1818 இல் சென்னை அரசாங்கம் 180 கிரெயின் எடையுள்ள வெள்ளி ரூபாயைத் தன் அடிப்படை நாணயமாக ஏற்றது. 1835 இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதே எடையைத் தன் ஆட்சிக்குட்பட்ட பகுதி முழுவதற்கும் பொதுவாக்கியது. இன்றைய அளவில் அந்த நாணயத்தின் எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 10.69 கிராம், தூய வெள்ளி. மருந்து நிறுப்பதற்கும் நகை நிறுப்பதற்கும் நம் வீடுகளில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று சொல்லும் வழக்கம் இந்த நாணயத்தால் உண்டாயிற்று. வடநாட்டார் தோலா என்பதும் அதே எடைதான்.

அக்காலத்தில் வெள்ளிக்கட்டி வைத்திருந்தவனுக்கு ஓர் உரிமை இருந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அரசாங்கத் தங்கசாலைகள் இருந்தன. தங்கசாலை என்று பெயரே தவிர, அங்கே பெரிதும் அடிக்கப்பட்டது வெள்ளி நாணயமே. சென்னையில் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த சாலை 1869 இல் மூடப்பட்டுவிட்டது. வணிகர்கள் வெள்ளிக்கட்டிகளைத் தங்கசாலைக்குக் கொண்டு சென்றால், தூய்மையைச் சோதித்து, கூலியாக நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை ரூபாயாக அடித்துக் கொடுத்தார்கள். உழவன் தானே பம்பாய்க்குப் போகவில்லை. ஆயினும் வணிகன் போகக்கூடும் என்பதால், உழவன் வீட்டுத் தண்டையும் கொலுசும் ரூபாய்க்கு நெருங்கிய மதிப்பைப் பெற்றிருந்தன.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அப்போது மக்கள் விற்ற வெள்ளி நகைகள் பெருமளவில் பம்பாய்த் தங்கசாலையை அடைந்து, அங்கே உருகி ரூபாய்களாயின. அந்த நாணயங்கள் எத்தனை உயிர்களைக் காத்தன என்பதை யார் அளந்து சொல்ல வல்லார்? பெண்கள் காலில் அணிந்திருந்த வெள்ளி, பஞ்ச காலத்தில் பசிக்கு உதவும் சேமிப்பாக இருந்தது என்பது மட்டும் தெளிவு.

இதற்குள் உலகில் ஒரு பெரிய மாறுதல் தொடங்கிவிட்டது. 1859 இல் அமெரிக்காவின் நெவாடாப் பகுதியில் காம்ஸ்டாக் என்னும் பெரிய வெள்ளிச் சுரங்கப் படிவு வெளிப்பட்டது. வெள்ளி இவ்வாறு பெருகத் தொடங்கிய வேளையில், அதை வாங்குவோர் குறையலாயினர். 1871 இல் ஜெர்மனி பொன் நாணயத்துக்கு மாறத் தொடங்கி, தன் பழைய வெள்ளியை விற்கலாயிற்று. 1873 இல் அமெரிக்கா இயற்றிய நாணயச் சட்டம் வெள்ளி டாலரை வழக்கிலிருந்து விலக்கியது. பிரான்சும் அதனுடன் சேர்ந்த நாடுகளும் வெள்ளி நாணயம் அடிப்பதை முதலில் குறைத்து, பின்னர் நிறுத்தின. 1871 இல் லண்டனில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 60 பென்னிக்கு விற்றது. 1898 இல் அது 27 பென்னி அளவுக்கு இறங்கிவிட்டது. பன்னெடுங்காலமாகப் பொன்னுக்குத் துணைநின்ற உலோகம் ஒரு தலைமுறைக்குள் தன் மதிப்பில் பாதிக்கு மேல் இழந்தது.

வெள்ளி இறங்க, வெள்ளியால் ஆன ரூபாயும் அதனுடன் இறங்கிற்று. 1871 இல் ஏறக்குறைய 2 ஷில்லிங்காக, அதாவது 24 பென்னியாக இருந்த ரூபாய், 1892 ஆம் ஆண்டையொட்டி 15 பென்னி அளவுக்கு வந்தது. இந்திய அரசாங்கம் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குச் செலுத்த வேண்டிய தொகைகள் பவுன் கணக்கில் இருந்தன. ஆகவே அவற்றுக்கு மேலும் மேலும் அதிக ரூபாய் வேண்டியதாயிற்று. ஹெர்ஷல் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைப்படி 1893 ஜூன் 26 அன்று தங்கசாலைகளில் பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக அடிக்கும் வழக்கம் ஒரு சட்டத்தால் நிறுத்தப்பட்டது.

அன்று முதல் ரூபாய் ஒரு வழியிலும், வெள்ளி மற்றொரு வழியிலும் நடந்தன. அருமையாக்கப்பட்ட ரூபாய் மெல்ல ஏறி, 1898 இல் 16 பென்னியில் நிலைத்தது. வெள்ளியோ இறங்கிக்கொண்டே போயிற்று. இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரூபாய்க்கு 16 அணா. ரூபாயின் மதிப்பு 16 பென்னி. ஆகவே அணா ஒன்றுக்குப் பென்னி ஒன்று. ஒரு ரூபாய் நாணயத்தில் அடங்கிய வெள்ளியை 1898 இல் லண்டன் விலைக்கு விற்றால் சுமார் 10 பென்னி கிடைக்கும். அதாவது, ஒரு ரூபாய் எடையுள்ள, ரூபாயின் தூய்மையே கொண்ட வெள்ளி நகை பத்தணாதான் பெறும். நகை தேயவில்லை, எவரும் களவாடவில்லை, பெட்டியில் இருந்தபடியே அதில் ஆறணா மறைந்துவிட்டது!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1896-97 இலும் 1899-1900 இலும் நாட்டின் பல பகுதிகளை மீண்டும் கொடும் பஞ்சங்கள் தாக்கின. நிலவரியையும் கடனையும் ரூபாயாகவே கட்ட வேண்டும். கையில் இருந்ததோ வெள்ளி. தாது வருடத்தில் ஏறத்தாழ ரூபாய்க்கு ரூபாயாக நின்ற அதே நகை, இப்போது பத்தணாவுக்குப் போட்டியிட்டது. வணிகனின் கழிவையும் நீக்கினால் அதற்கும் குறைவே. தாதாபாய் நௌரோஜி இக்கொள்கையை வன்மையாகக் கண்டித்தார். ரூபாயைச் செயற்கையாக உயர்த்துவது வரிகட்டும் ஏழையின் சுமையை மறைமுகமாக ஏற்றுவதாகும் என்று வாதிட்டார். இளைஞராயிருந்த அம்பேத்கர் 1923 இல் லண்டனில் வெளியிட்ட நூலும் இந்த ரூபாய்ப் பிரச்சினையைப் பற்றியதே. அரசியல் சட்டத்தை வகுத்தவராக மட்டும் அவரை அறிந்த மாணவர்கள் இந்நூலையும் தேடிப் படித்தல் நன்று.

ரூபாயோடு வெள்ளிக்கு இருந்த உறவு பிறகு முற்றிலும் அற்றது. 1940 இல் நாணயத்தின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947 இல் நிக்கல் ரூபாய் வந்து, அந்தப் பாதியும் நீங்கிற்று. அதன்பின் வெள்ளி ஒரு வாணிபப் பொருளாக மட்டுமே நிற்கிறது. அதன் விலை எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதற்கு நம் காலத்துச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியைப் பெருமளவில் வாங்கிக் குவித்தபோது, 1980 ஜனவரியில் அவுன்ஸின் விலை 50 டாலரை நெருங்கியது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று 11 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2011 இல் பழைய உச்சத்துக்கு அருகில் வந்து மீண்டும் சரிந்தது. 50 டாலரைத் தெளிவாகத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். 1980 ஜனவரியில் டாலர் கொடுத்து வாங்கியவர், போட்ட முதலைக் காண 45 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அப்படியானால் வெள்ளிக்கட்டி வாங்கவே கூடாதா? நான் அவ்வாறு கூறவில்லை. வாங்குவோர் நான்கு செய்திகளைக் கேட்டறிந்து வாங்க வேண்டும் என்கிறேன். முதலாவது தூய்மை. ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி என்னும் குறியும், அதற்குப் பொறுப்பேற்பவரின் முத்திரையும் கட்டியில் பொறித்திருத்தல் வேண்டும். 925 என்றிருந்தால் அது நகைக்குரிய கலப்பு வெள்ளி. இரண்டாவது எடை. ஆர்க்கிமிடீசைப் படித்த மாணவர்க்கு இங்கே ஒரு சோதனை உண்டு. தூய வெள்ளி 100 கிராம் இருந்தால், அது ஏறத்தாழ 9½ கன சென்டிமீட்டர் நீரை விலக்கும். அதிலிருந்து விலகினால் ஐயப்பட இடமுண்டு. ஒத்துவந்தால் மட்டுமே தூயது என்று முடிவு கட்டவும் கூடாது. கலப்பாலும் அந்த அளவைக் கொண்டுவர இயலும்.

மூன்றாவது, உலோகத்தின் விலைக்கு மேல் நாம் கொடுப்பது எவ்வளவு என்பது. எடுத்துக்காட்டாக, 1,000 ரூபாய் பெறும் வெள்ளிக்கு 80 ரூபாய் செய்கூலி என்று கொள்வோம். அதன்மேல் 3 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேர்ந்தால் ஆகும் செலவு 1,112 ரூபாய். திரும்ப விற்கும்போது கடைக்காரர் நூற்றுக்கு இரண்டு கழித்தால், வெள்ளி விலை சுமார் 13½ விழுக்காடு ஏறிய பிறகே போட்ட பணம் நம் கைக்கு வரும். கட்டி சிறியதாகச் சிறியதாக இந்தச் செய்கூலியின் பங்கு பெரிதாகும். அச்சிடுவதற்கும் உறையிடுவதற்கும் ஆகும் உழைப்பு சிறிய கட்டிக்கும் பெரிய கட்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே! அதற்கு ஈடாகச் சிறு கட்டிக்கு ஒரு நன்மையும் உண்டு. வேண்டிய அளவு மட்டும் விற்று, எஞ்சியதை வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, திரும்ப வாங்கிக்கொள்வார் யார் என்பது. 1893 இன் பாடம் இதுவேயாகும். தங்கசாலையின் கதவு திறந்திருந்தவரை வெள்ளிக்கட்டி பணமாக இருந்தது. கதவு மூடிய மறுநாள் அது வெறும் உலோகமாயிற்று. ஆகவே வாங்கும்பொழுதே, விற்பனைச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, என்ன கழிவுக்குத் திரும்ப எடுப்பீர்கள் என்று கேட்டுவிடுதல் வேண்டும்.

இவ்வளவும் கேட்ட மாணவி, பரிசுப் பணத்தில் பாதிக்கு மேல் புத்தகங்களுக்கும் வங்கிச் சேமிப்புக்கும் ஒதுக்குவதாகவும், எஞ்சியதற்கு ஒரே ஒரு 50 கிராம் கட்டி வாங்கப்போவதாகவும் கூறினாள். நான் தடுக்கவில்லை. சில நாட்களுக்குப் பின் மீண்டும் வந்தாள். அவள் கையில் இருந்தது கட்டியன்று. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்து வந்த 1918 ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். கல்லூரி ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்துப் பார்த்தாளாம். நூறாண்டுக்கு மேற்பட்ட தேய்மானம் போக, 11½ கிராம் இருந்ததாம். “எடை அப்படியே இருக்கிறது, ஐயா” என்றாள். “அதன் விலை?” என்று கேட்டேன். “அதைத்தான் ஒவ்வொரு நாளும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது” என்று சிரித்தாள்.