நிரந்தரமும் அந்தரமும்: கடல் கடந்த இல்லறத்தின் சட்ட வரலாறு

'நிரந்தரவாசி' என்னும் சொல் இன்று நம் அன்றாட வழக்கில் கலந்துவிட்டது. வெளிநாட்டில் பிறந்த கணவரையோ மனைவியையோ இங்கு வரவழைத்து, அவருக்கு ஆதரவாளராகக் கையொப்பமிட்டு, நிரந்தரவாசத் தகுதிக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆயினும் அச்சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்பவர் சிலரே. 'நிர்' என்பது இன்மையைக் குறிக்கும் வடமொழி முன்னொட்டு. 'அந்தரம்' என்பது இடைவெளி. இடைவெளி இல்லாதது எதுவோ அதுவே நிரந்தரம். அதே 'அந்தரம்' தமிழில் வேறொரு பொருளும் பெற்றது. கால் ஊன்ற நிலமின்றி, பற்றிக்கொள்ளக் கொம்புமின்றி நிற்பவரை 'அந்தரத்தில் தொங்குகிறார்' என்கிறோம். மலாயா, சிங்கப்பூர்த் தமிழரின் இல்லறம் இவ்விரு பொருள்களுக்கும் இடையே அலைந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருள் தேடித் தலைவன் பிரிவதும், தலைவி இல்லிருந்து ஆற்றியிருப்பதும் அகத்திணை மரபு நன்கறிந்த செய்திகள். பெண்ணோடு கடல்வழிச் செல்லும் வழக்கம் இல்லை என்பதைத் தொல்காப்பியமே இலக்கணமாக வகுத்துரைக்கிறது. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் மலாயாவுக்கு வந்த தமிழருள் பெரும்பகுதியினர், அறிந்தோ அறியாமலோ, இம்மரபின்படியே வாழ்ந்தனர். செட்டிநாட்டிலிருந்து வட்டித்தொழில் நடத்த வந்தவரும், நாகூர் முதலிய ஊர்களிலிருந்து வணிகத்துக்கு வந்த முஸ்லிம்களும் மனைவியரை ஊரில் இருத்தி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்று திரும்பினர். தோட்டங்களுக்குக் கங்காணி வழியாகக் குடும்பத்தோடு வந்தோர் உண்டு. எனினும் தனியாக வந்த ஆண்களே மிகுதி. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு இந்தியப் பெண்கள் ஐந்நூற்றுவருக்கும் குறைவாகவே இருந்தனர்.

அக்காலத்தில் மனைவியை வரவழைப்பதற்குத் தடையாக இருந்தவை வறுமையும் தொலைவும் மாமியாரின் உடல்நிலையுமே. சட்டம் பெரிதாகக் குறுக்கிடவில்லை. 1933இல் நடைமுறைக்கு வந்த அயலார் சட்டம் பிரிட்டிஷ் குடிகளாகிய இந்தியரைத் தொடவில்லை. 1938இல் இந்திய அரசு, பிறர் செலவில் தொழிலாளர் மலாயாவுக்கு அனுப்பப்படுவதை நிறுத்தியபோதும், சொந்தச் செலவில் வருவோருக்கு வழி திறந்தே இருந்தது. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடலில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களை அழைத்துவரப் போதுமாயிருந்தவை ஒரு கடிதமும் ஒரு கப்பல் சீட்டுமே.

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் இந்நிலை மாறியது. முந்திய ஆண்டு இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. இனி இந்தியராயினும் சட்டம் வகுத்த பிரிவுகளுள் ஒன்றில் அடங்குபவரே உள்ளே வரலாம். அப்பிரிவுகளுள் ஒன்று, ஏற்கெனவே இங்கு வாழ்பவரின் மனைவி மக்கள் என்பதாகும். துணைவருக்காக மற்றவர் விண்ணப்பிக்கும் முறை நம் சமூகத்துக்கு அறிமுகமானது இவ்வாறுதான். மனைவி வருவது அதுவரை கணவர் வீட்டுச் செய்தி. இனி அது அரசின் கோப்பு.

1959இல் மலாயாக் கூட்டரசின் விதிகள் மேலும் இறுகின. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவியருக்கு நுழைவு மறுக்கப்பட்டது. நம் மரபில் மனைவியின் கற்புக்கும் பொறுமைக்கும் சான்றாகப் போற்றப்பட்ட காத்திருப்பு, இங்கே அவளுக்கு எதிரான சான்றாக மாறிற்று. சட்டம் இடைவெளியை எண்ணத் தொடங்கியது.

எங்கள் குடும்பத்திலும் இவ்விதி நுழைந்தது. என் பெரியப்பா பேராக் மாநிலத் தோட்டமொன்றில் வேலை செய்தார். பெரியம்மா மன்னார்குடிக்கு அருகிலுள்ள சிற்றூரில், வாதத்தால் படுத்துவிட்ட மாமியாரைப் பேணிக்கொண்டு இருந்தார். பெரியப்பா கடைசியாக ஊருக்குச் சென்று வந்தது 1953இல். 1960இல் பாட்டி காலமானதும் மனைவியை அழைத்துக்கொள்ள அவர் விண்ணப்பித்தார்; மறுப்புக் கடிதமே வந்தது. பெரியப்பா வேலை ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகுதான் இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். மாணவனாக நான் அங்குச் சென்றிருந்தபோது அக்கடிதத்தின் பொருளைப் பெரியம்மாவுக்கு விளக்க முயன்றேன். அவர் கேட்டது ஒன்றே: "நான் எங்கேப்பா பிரிஞ்சு இருந்தேன்? அவரு வீட்டுலதானே இருந்தேன்?"

மொழியியல் பயின்ற பின்னரே அக்கேள்வியின் நுட்பம் எனக்கு விளங்கியது. தமிழில் 'பிரிவு' வேறு, 'பிரிந்து வாழ்தல்' வேறு. முன்னது இல்லறத்தின் ஒரு நிலை. பின்னது இல்லறத்தின் முறிவு. கணவரின் வீட்டில், கணவரின் தாயைப் பேணியிருந்தவர் கணவரோடுதான் வாழ்ந்தார் என்பது பெரியம்மாவின் இலக்கணம். சட்டத்தின் இலக்கணத்தில் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லை. அதே வேளையில், கணவனும் மனைவியும் உண்மையில் சேர்ந்து வாழ்பவரா என்று அறிய விரும்பும் அரசுக்கு வேறு அளவுகோல் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அளவுகோலுக்கு அடுத்து எழுந்தது சான்று பற்றிய சிக்கல். தாலியும் ஊரார் முன்னிலையும் திருமணத்துக்குப் போதும் என்றிருந்த சமூகம், முத்திரையிட்ட தாளைத் தேட வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1976இல் இயற்றப்பட்டு 1982இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டமும் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவின் கீழ் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்கள் சட்ட ஏற்புப் பெற்றதும் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான்.

1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது, கடலே கடக்காத இல்லறங்களுக்கும் எல்லை வந்தது. ஜொகூரில் மனைவியும் சிங்கப்பூரில் கணவருமாக இருந்தோர் இரு நாட்டினராயினர். 1967 முதல் பாலத்தைக் கடக்கக் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. அடையாள அட்டையின் நிறமே ஒருவரின் நிலையைச் சொல்லலாயிற்று. சிங்கப்பூரில் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம். மலேசியாவிலோ நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு. 1969க்குப் பின் மலேசியாவில் குடியுரிமை அற்றோர் வேலை உரிமம் பெற வேண்டியிருந்தபோது, பல்லாண்டு உழைத்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேறினர். குடும்பத்தில் ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சிவப்பு அட்டைக்காரராகவும் இருந்ததன் சுமை அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இன்றைய சட்டங்களிலும் இதே வினாக்கள் வேறு வடிவில் நீடிக்கின்றன. மலேசிய அரசமைப்பின் 15ஆவது பிரிவு, குடிமகனின் வெளிநாட்டு மனைவி ஈராண்டு வாழ்ந்தபின் குடியுரிமைப் பதிவு கோர வழி தருகிறது. குடிமகளின் வெளிநாட்டுக் கணவருக்கு அங்கே அத்தகைய வழி எழுதப்படவில்லை. சிங்கப்பூரில் குடிமகனோ குடிமகளோ ஆதரவாளராக நின்று துணைவருக்கு நீண்டகால வருகை அனுமதியும் நிரந்தரவாசமும் கோரலாம். தருவதும் மறுப்பதும் அரசின் முடிவு. 2012இல் கூடுதல் சலுகைகளோடு 'நீண்டகால வருகை அனுமதி பிளஸ்' அறிமுகமானது. திருமணத்துக்கு முன்பே நிலையை மதிப்பிட்டுக்கொள்ளும் ஏற்பாடும் 2015இல் வந்தது. நிரந்தரவாசி ஆனபின்னும் மறுநுழைவு அனுமதி இன்றி வெளிநாட்டில் தங்கினால் அத்தகுதியை இழக்க நேரிடலாம். ஆக, இன்றும் எண்ணப்படுவது இடைவெளியே.

இவ்வரலாற்றை நம் கலைச்சொற்களும் தாங்கி நிற்கின்றன. தமிழ்நாட்டார் 'குடியேற்றம்' என்றும் இலங்கையார் 'குடிவரவு' என்றும் சொல்வதை நாம் 'குடிநுழைவு' என்கிறோம். ஏற்றத்தில் நிலைபெறுதல் உண்டு; வரவில் வரவேற்பின் சாயல் உண்டு; நுழைவில் வாயிலும் வாயிற்காவலும் மட்டுமே உண்டு. 1953க்குப் பின் நம் முன்னோர் கண்டது அந்த வாயிலைத்தான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களின் வீடுகளில், பழைய தகரப் பெட்டிகளில், கப்பல் சீட்டுகளும் சிவப்பு, நீல அட்டைகளும் விண்ணப்பங்களுக்கு வந்த மறுமொழிகளும் இன்னும் இருக்கக்கூடும். அவற்றை எறியாமல் காக்கவும், அவை யாருடைய காத்திருப்பைச் சொல்கின்றன என்று வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதவும் மாணவர்களைத் தூண்டுங்கள். வந்து சேர்ந்தவரின் வரலாற்றை நாம் ஓரளவு எழுதிவிட்டோம். வர இயலாமல் ஊரிலேயே இருந்துவிட்ட பெண்களின் வரலாறு இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது.