புழக்கடை வாசலும் நிர்வாகியின் சாவியும்

பிளாப்பியும் கையுமாக மேஜைக்கு மேஜை நடந்து மென்பொருள் நிறுவும் சிரமத்தைப் போக்கும் பொருட்டு, 1994-ல் மைக்ரோசாஃப்ட் 'சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர்' என்ற மென்பொருளை வெளியிட்டது. தூரத்திலிருந்து நிறுவுவதன் சூட்சுமம் இதுதான்: விண்டோஸ் என்.டி. வம்சத்துக் கணினி ஒவ்வொன்றிலும் 'அட்மின் டாலர்' என்னும் கண்ணுக்குப் புலப்படாத புழக்கடை வாசல் ஒன்றிருக்க, அக்கணினிக்கு நிர்வாகி என்ற அதிகாரம் பெற்ற கணக்கால் மாத்திரமே அதன் வழியே கோப்பை உள்ளே வைத்து, சேவையாக இயக்கவும் முடியும்.

இவ்வதிகாரத்தை அளந்து வழங்கச் சோம்பி, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்தவர்களும், வலையமைப்பு முழுமைக்கும் அதிபதியான கணக்கையே இந்தச் சில்லறை வேலைக்கு ஏவியவர்களும் உண்டு. வாசல் பெருக்க வந்தவளிடம் பெட்டிச் சாவியையும் கொடுத்த கதைதான்! 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் தீச்சுவரைத் தானாகவே எழுப்பியபோது, அதிகாரமிருந்தும் வாசல் திறக்கவில்லை. முன்சொன்ன ஒரே கடவுச்சொல் குறைக்கு மருந்தாக, கணினிதோறும் வெவ்வேறு கடவுச்சொல்லைத் தானே மாற்றிவைக்கும் மைக்ரோசாஃப்டின் 'லாப்ஸ்' கருவி 2015-ல்தான் வந்தது.