வெஸ்ட் நைல் சீரம் எதற்குச் சாட்சி? பர்க்கிட் லிம்ஃபோமா பற்றி ஒரு மறுவாசிப்பு

உகாண்டாவின் வெஸ்ட் நைல் பகுதியில் 1970-களின் முற்பாதியில் ஏறத்தாழ 42,000 குழந்தைகளிடம் ரத்தம் எடுத்து, சீரத்தை உறையவைத்து, யாருக்குப் பர்க்கிட் லிம்ஃபோமா வருகிறது என்று காத்திருந்தார்கள். கீ டெ தே குழுவினர் 1978-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டனர். நோய்க்கு ஆளான 14 குழந்தைகளிடம், கட்டி தோன்றப் பல மாதங்கள் முன்பே, எப்ஸ்டைன்-பார் வைரஸின் உறைப்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது. டைட்டர் இரண்டு நீர்த்தல் படிகள் கூடியிருந்தால் ஆபத்து 30 மடங்கு.

இதைப் பின்வந்த ஆய்வு மரபு ஒன்று வரிசையாகப் படித்தது: சிசுப்பருவத்தில் கடுமையாகத் தொற்றிய வைரஸ் முதல் அடி, மலேரியா இரண்டாவது, மிக் மரபணுவின் இடமாற்றம் மூன்றாவது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் இது அம்புக்குறிப் படமாக இன்றும் வருகிறது, என்னுடையதிலும் வந்தது. அந்தப் படத்துக்கு வெஸ்ட் நைல் சீரம் சாட்சி சொல்லவில்லை என்பதே என் வாதம்.

நோய்க்கு முன் எடுத்த ரத்தம் தொற்று எப்போது நேர்ந்தது என்று சொல்லாது. அந்த வட்டாரத்தில் மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கும் வைரஸ் தொற்றிவிடுகிறது. எல்லோருக்கும் விழுந்த அடி எப்படிப் பதினான்கு பேரைப் பிரித்துக் காட்டும்?

பரிசோதனைத் தகட்டையே கூர்ந்து பார்ப்போம். பி3எச்ஆர்-1 செல்களை (இவையும் ஒரு பர்க்கிட் கட்டியின் வழிவந்தவையே) கண்ணாடியில் பூசி, அசிட்டோனில் நிலைப்படுத்தி, சீரத்தைப் பாதி பாதியாக நீர்த்து விடுவார்கள். பிறகு ஒளிர்சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள். பச்சை ஒளி கடைசியாகத் தெரியும் நீர்த்தலே டைட்டர். அதை முடிவுசெய்வது நுண்ணோக்கியில் குனிந்திருப்பவரின் கண். ஒளிர்பவை நூற்றில் சில செல்களே, வைரஸைப் பெருக்கிச் சிதையப்போகிறவை. மற்றவை இருண்டு கிடக்கும். குழந்தையின் தாடையில் வளரும் கட்டியில் இருப்பவையோ பெரும்பாலும் இந்த இருண்ட வகை: ஈ.பி.என்.ஏ.1 தவிர வேறு வைரஸ் புரதத்தை அநேகமாக வெளிக்காட்டாதவை. ஆகவே டைட்டர் அளந்தது கட்டியின் மூதாதைச் செல்லை அல்ல. உடலில் வேறெங்கோ வைரஸ் கட்டுமீறிப் பெருகியதை.

இங்கிருந்து வாதம் சற்றே ஊகத்தின் மேல் நடக்கிறது. அப்படிப் பெருகும் வைரஸ் புதிய பி செல்களைத் தொற்றுகிறது. தொற்றிய செல்களின் கூட்டம் பெருக்கிறது. மலேரியா பி செல்களைத் தூண்ட, ஏ.ஐ.டி. நொதி எதிர்ப்பொருள் மரபணுக்களை வெட்டும்போது எப்போதாவது மிக் மரபணுவிலும் கைவைக்கிறது. மிக் மிகுந்த செல் வழக்கமாகத் தற்கொலை செய்துகொள்ளும். வைரஸ் உள்ள செல் தப்பிக்க வாய்ப்பு அதிகம். விபத்து முதலிலா, வைரஸ் முதலிலா என்பதைவிட, எத்தனை செல்கள் அந்த விபத்துக்கு எதிரே நின்றன என்பதுதான் கேள்வி. வைரஸ் உள்ள ஒரு பர்க்கிட் கட்டியின் வழிவந்த அகாட்டா செல்கள் வைரஸை இழந்ததும் எலிகளில் கட்டி உண்டாக்கும் திறன் குன்றின. மறுபடி தொற்றவைத்தபோது திறன் மீண்டது. 2019-இல் வெளியான மரபணுத்தொகுதி ஒப்பீட்டில், வைரஸ் உள்ள பர்க்கிட் கட்டிகளில் புற்றைத் தூண்டும் திடீர்மாற்றங்கள் குறைவு. திடீர்மாற்றம் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கை வைரஸ் செய்கிறது என்றே இதைப் படிக்கிறேன். அடித்துவிட்டு ஓடிப்போன வைரஸ் இப்படி நடந்துகொள்ளாது.

பதினான்கு பேர் மிகச் சிலர் என்பார்கள். 42,000 பேரைப் பின்தொடர்ந்து கிடைத்த பதினான்கு அது. அரிய நோயில் வேறென்ன கிடைக்கும்? மலேரியா எல்லா எதிர்ப்பொருளையும் ஏற்றிவிடும் என்பது சற்றுக் கனமான மறுப்பு. ஆனால் ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் அதே வயதினர், அதே வட்டாரத்தினர். அவர்களையும் அதே கொசு கடித்தது. மற்ற நாடுகளில் வைரஸ் இல்லாமலே வரும் பர்க்கிட் கட்டிகள் வேறு கதை. அவற்றை இங்கே இழுப்பது குழப்பத்துக்கே உதவும்.

என் வாசிப்பு நிலைக்க, நோய்க்கு முன்பே தொற்றிய பி செல்களை எண்ணிக் காட்ட வேண்டும். வெஸ்ட் நைல் உறைபெட்டிகளுக்குப் போனது சீரம். செல்கள் உறைந்த ரத்தக்கட்டியோடு போய்விட்டன. அடுத்து ரத்தம் எடுப்பவர் வெள்ளணுக்களையும் பிரித்துத் திரவ நைட்ரஜனில் வைக்கட்டும்.