வைஃபை வேகம் குறைகிறதா? கட்டணத் திட்டத்தை மாற்றும் முன் மடிக்கணினியில் சோதிக்க வேண்டியவை

இணையவழி நேர்காணலின் நடுவே காணொலி உறைந்து நின்றால், பலரும் முதலில் செய்வது கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவதுதான். ஆனால் தடை வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பில் இல்லாமல், ரூட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடையிலுள்ள சில மீட்டர் தொலைவில் இருந்தால் அந்தக் கூடுதல் பணம் வீணே.

இதைக் கண்டறிய எளிய வழி, மடிக்கணினியை ரூட்டருடன் லேன் கேபிள் மூலம் இணைத்து வேகத்தை அளப்பதாகும். அப்போது வீட்டிலுள்ள பிற சாதனங்கள் எதையும் பதிவிறக்கம் செய்யாதிருக்க வேண்டும். கேபிளில் முழு வேகம் கிடைத்து, வைஃபையில் மட்டும் குறைந்தால் சேவை நிறுவனத்தின் மீது தவறில்லை. லேன் வசதியற்ற மெலிதான மடிக்கணினி எனில், ரூட்டரின் அருகே அதையும் ஒரு கைப்பேசியையும் வைத்து ஒப்பிடலாம்.

வைஃபையே காரணம் எனில் அடுத்துக் கவனிக்க வேண்டியது அலைவரிசை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 13 சேனல்கள் இருப்பினும், ஒன்றோடொன்று மோதாமல் ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. அடுக்குமாடிக் குடியிருப்பின் அத்தனை ரூட்டர்களும் இந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கின்றன. புளூடூத் சாதனங்களும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையைச் சேர்ந்தவை.

5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. மத்திய அரசு 2018 அக்டோபரில் இப்பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிம விலக்கு அளித்தது. எனினும் இந்த அலை சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். இரண்டு அறைகளுக்கு அப்பால் 2.4 கிகாஹெர்ட்ஸே கைகொடுக்கலாம். இரு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் இருந்தால், ரூட்டர் அருகிலிருந்தும் மடிக்கணினி பழைய அலைவரிசையிலேயே தங்கிவிடுவதுண்டு. ரூட்டர் அமைப்பில் தனித்தனிப் பெயர் சூட்டினால் இது தீரும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே தெரியாத பழைய மடிக்கணினிக்கு, இரு அலைவரிசைகளிலும் இயங்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும். புதிய கணினி தேவையில்லை.

எந்த அலைவரிசையில் இணைப்பு உள்ளது என்பதை விண்டோஸ் 11-இல் வைஃபை ப்ராப்பர்டீஸ் பக்கம் காட்டும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை குறியீட்டைச் சொடுக்க வேண்டும்.

பலர் அறியாத இன்னொரு காரணம் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க். அது எழுப்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைப் பாதிக்கும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-லேயே விளக்கியுள்ளது. டிஸ்கைக் கழற்றியதும் வேகம் மீண்டால், தரமான நீண்ட கேபிள் மூலம் அதைத் தள்ளி வைக்கலாம்.

பேட்டரி சேமிப்பு நிலை, விபிஎன், பின்னணியில் இயங்கும் கிளவுட் சேமிப்பு ஆகியவற்றை நிறுத்திப் பார்ப்பதும், வைஃபை டிரைவரைப் புதுப்பிப்பதும் சில நிமிட வேலை. 'நெட்வொர்க் ரீசெட்' செய்தால் சேமித்த கடவுச்சொற்கள் அழியும் என்பதால் அதைக் கடைசியாகவே முயல வேண்டும்.

கேபிளிலும் வேகம் குறைந்தால் பொறுப்பு சேவை நிறுவனத்துடையது. அளவீட்டின் ஸ்கிரீன்ஷாட்டுடன் புகார் அளித்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுக, டிராய் 2012-இல் வெளியிட்ட விதிமுறைகள் வழிசெய்கின்றன.